கொல்லையில் ஓடிய வடம்

எனக்குக் கரிநாக்கு என்று பொன்மலையில் எங்கள் மேல்வரிசை முழுக்கப் பேச்சு. பாக்கியமேரி வாயைத் திறந்தால் பலித்துவிடும் என்பார்கள். எண்பத்துமூன்றில் மழை பொய்க்கும் என்று சொன்னேன், பொய்த்தது. நான் சொல்லியா பொய்த்தது? சித்திரையிலேயே கிணற்றுக்குள் தவளை செத்துக் கிடந்ததை எல்லோரும்தான் எட்டிப் பார்த்தார்கள். பார்த்ததைச் சொல்கிறவளுக்குக் கரிநாக்கு, பார்த்தும் பேசாமல் இருக்கிறவளுக்கு நல்ல பெயர். என்ன நியாயமோ போங்கள்.

எங்கள் வீடு குன்றுச் சரிவில் மேலே இருக்கிறது. கொல்லைக் கதவைத் திறந்தால் நேரே இறக்கம். இறக்கத்தின் அடியில் கீழ்த்தெரு. அங்கேதான் குழாய், தண்ணீர் லாரி வந்தாலும் அங்கேதான் நிற்கும். கிணறுகள் வற்றிய பிறகு மேல்வரிசைப் பெண்கள் அத்தனை பேருக்கும் எங்கள் கொல்லைதான் வழி. நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் சரளையில் ஏறுவதற்குள் உயிர் போய்த் திரும்பும். மாசமாக இருந்த ஒரு பெண் அங்கே வழுக்கி விழுந்து கரு கலைந்தது. அதற்கு அடுத்த வாரம்தான் என் வீட்டுக்காரர் அந்தப் படத்தைக் கொண்டுவந்து காட்டினார்.

என் வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸ், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கோயில் வாசகசாலையில் வெளிநாட்டுப் பழைய பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அதில் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். படத்தில் ஒரே பனி. ஆணும் பெண்ணுமாகக் காலில் நீளப் பலகை கட்டிக்கொண்டு, ஓடுகிற கயிறு ஒன்றைப் பிடித்தபடி மேட்டில் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"இதுங்க எதுக்குங்க மேல போவுதுங்க?" என்றேன்.

"சறுக்கி விளையாடத்தான். மேல போனாத்தானே கீழ சறுக்கலாம்."

"வேலையத்ததுங்க."

"அதை விடு பாக்கியம். கயித்தைப் பாரு. பழைய இன்ஜின் ஒண்ணு, ரெண்டு சக்கரம், ஒரு கயிறு. தன் வீட்டுக் கொல்லையில அவனே செஞ்சுக்கிட்டான். விளையாட்டுக்கே இவ்வளவு பண்றான். நம்ம பொம்பளைங்க தண்ணிக்குல்ல சாவுறாங்க."

சொல்வது நியாயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் அந்தப் படத்தை இன்னொரு தரம் பார்த்தேன். பெண்கள்கூட ஒட்டிப்பிடித்த கால்சட்டை போட்டிருந்தார்கள். தொங்குகிற துணி ஒன்றுகூட இல்லை.

"நாங்க புடவை கட்டிக்கிட்டுல்ல இருக்கோம்" என்றேன்.

"ஆரம்பிச்சிட்டியா?" என்று பத்திரிகையை மடித்துவிட்டார்.

சொன்னால் கேட்கிற ஜென்மமா அவர்? அடுத்த வீட்டு அடைக்கலத்தைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். அடைக்கலமும் ஒர்க்‌ஷாப்தான். சொந்த ஊர் தொட்டியம். அவர் அண்ணன் வாழைத்தோப்பில், கரண்ட் வந்தபிறகு சும்மா கிடந்த மண்ணெண்ணெய் பம்ப் இன்ஜின் ஒன்று இருந்தது. அதை லாரியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். மேலே தூக்க முடியாத கனம். அதோடு அது சூடானால் தண்ணீர் விட வேண்டும். அதனால் கீழேயே, குழாய்ப் பக்கமாகத் திண்டு கட்டி உட்காரவைத்தார்கள். மேலே கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் கார் சக்கரத்தின் இரும்பு ரிம் ஒன்றைப் படுக்கைவாட்டில் பொருத்தினார்கள். கீழிருந்து மேலே போய், ரிம்மைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் கீழே வருகிற மாதிரி தேங்காய் நார் வடம். இடுப்பில் குடம், வலது கையில் சாக்குத் துண்டு, சாக்கோடு வடத்தைப் பிடித்தால் போதும். அது இழுக்க இழுக்க நாம் சும்மா காலை எடுத்து வைக்கலாம்.

முதல் நாள் நானே பிடித்துப் போனேன். பொய் சொல்லக்கூடாது, சுகமாகத்தான் இருந்தது. முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. ஆனால் பாதி வழியில் கையிலிருந்த சாக்குத் துண்டு தானாகத் திரும்பியது. வடம் மேலே மட்டும் போகவில்லை. போகும்போதே தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு போனது. நார் பிசிர்கள் சாக்கைக் கவ்விக் கவ்வி விட்டன. மேலே போனதும் கையை உதறிவிட்டு, "இது ஒருத்தியைச் சுருட்டாம விடாது" என்றேன்.

"கரிநாக்கு, கரிநாக்கு" என்று அடைக்கலத்தின் மனைவி மயிலம்மாள் ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

மற்றவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு வேலை செய்தார். ரிம்முக்குப் பதினைந்தடி முன்னால், பாதையின் இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, மார்பு உயரத்தில் குறுக்கே ஒரு கயிறு கட்டினார். ஒரு பக்கக் கம்பத்தில் வளையத்தின் வழியாக அது இறங்கி, கம்பியோடு சேர்ந்து, சரிவு நெடுக ஓடி, கீழே இன்ஜினின் பிளக் வயரில் போய் முடிந்தது. வடத்தை விடமுடியாமல் யாராவது மேலே வந்துவிட்டால் உடம்பு அந்தக் கயிற்றில் முட்டும். முட்டினால் வயர் பிடுங்கிக்கொள்ளும், இன்ஜின் அணைந்துவிடும். அணைந்தபிறகும் வடம் கொஞ்சம் ஓடித்தான் நிற்கும். அதற்குத்தான் ரிம்முக்கு முன்னால் அந்த இடைவெளி. நிறுத்துக் கயிறு என்று அதற்குப் பெயர் வைத்தார். தினமும் காலையில் முதல் பெண் ஏறுவதற்கு முன்னால் அவரே வடத்தைப் பிடித்து மேலே வந்து நெஞ்சால் அதை முட்டுவார். கீழே இன்ஜின் விக்கி நிற்கும். "சரி, ஏறலாம்" என்பார். அதன்பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

நான் என் பங்குக்குச் சட்டம் போட்டேன். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகாமல் எவளும் வடத்தைத் தொடக்கூடாது. துணி மாட்டிக்கொண்டால் துணியை விட்டுவிட வேண்டும். போனால் புடவை. கேட்டுக்கேட்டு அவர்களுக்கு அலுத்துப்போயிருக்கும். இருந்தாலும் செருகினார்கள்.

ஆடி மாதம் மயிலம்மாளுக்கே அது வந்தது. காற்றில் செருகல் அவிழ்ந்து முந்தானையை வடம் பிடித்துக்கொண்டது. கெட்டிக்காரி, நான் சொன்னதை அப்படியே செய்தாள். குடத்தை விட்டாள், ஒரு சுற்றுச் சுற்றிப் புடவையையும் விட்டாள். புடவை மட்டும் வடத்தோடு மேலே போய்த் தன் பாட்டுக்கு ரிம்மைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. இவள் பாவாடை ரவிக்கையோடு கருவேலஞ்செடிக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டாள். கீழ்த்தெரு முழுக்க வயிறு குலுங்கச் சிரித்தது. டீக்கடையிலிருந்து ஆம்பிளைகள் எழுந்துவந்து பார்த்தார்கள். ஒரு மாதம் போல அவளைக் கண்டாலே, "மயிலு, இன்னிக்குப் புடவை பத்திரமா?" என்பார்கள். கட்டின புருஷன் அடைக்கலமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சிரிங்க, நல்லாச் சிரிங்க. அவ விட்டா, பொழைச்சா. இந்தச் சிரிப்பைப் பார்த்துட்டு அடுத்தவ விடமாட்டா" என்று குழாயடியில் நின்றே கத்தினேன். வழக்கம்போல என் நாக்கைத்தான் திட்டினார்கள்.

அப்போது என் பக்கத்தில் குடத்தோடு நின்றது என் தங்கை பேட்ரிசியா. அவளும் சிரிக்கவில்லை. மயிலம்மாளைப் பார்த்துக்கொண்டே தன் முந்தானையை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

பேட்ரிசியா பால் மறக்கிற வயதில் அம்மா போய்விட்டாள். நான்தான் வளர்த்தேன். கல்யாணம் ஆகி வரும்போது அவளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் இந்த வீட்டுக்கு வந்தேன். எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதனால் ஒரு குறையும் இல்லை, அவள் இருந்தாள். சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்த்தாள். கூச்சம் என்றால் அப்படி ஒரு கூச்சம், தெருவில் செருப்பு அறுந்தால் அதைக் கையில் எடுக்க வெட்கப்பட்டு வீடுவரை இழுத்து இழுத்து நடந்து வருவாள். இவளை முழுசாக ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்றுதான் வேளாங்கண்ணி மாதாவிடம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாதாவும் கண் திறந்தாள். கைலாசபுரத்திலிருந்து வரன் வந்தது. பையன் பெயர் தைரியராஜ், பெரிய கம்பெனியில் வெல்டர், குணமான பையன். அவன் அம்மா வியாகுலம்மாள் கொஞ்சம் ஆடம்பரக்காரி, ஆனாலும் மனசில் கபடம் கிடையாது. நிச்சயத்துக்கு அரக்கு நிறத்தில் அகலச் சரிகைக் கரை போட்ட பட்டு கொண்டுவந்து என் தங்கை தோளில் அவரே போட்டார். கல்யாண அறிவிப்பைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள், ஓலை என்று பெயர். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னும் ஒரு ஓலைதான் பாக்கி. அந்த வாரத்தில்தான் ஆயுத பூசை வந்தது.

ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு ஆயுத பூசை என்றால் வேதம் மதம் கிடையாது. என் வீட்டுக்காரர் ஞாயிறு தவறாமல் பூசை பார்க்கிறவர். அவரும் தன் கருவிகளுக்குச் சந்தனம் பூசி மாலை போடுவார். "வருஷம் பூரா சோறு போடுது, ஒரு நாள் மாலை போட்டா ஆண்டவர் கோவிச்சுக்குவாரா?" என்பார். அந்த வருஷம் மேல்வரிசைப் பெண்கள் எல்லோரும் கொல்லை இன்ஜினுக்கும் பூசை போட்டே ஆகவேண்டும் என்று நின்றார்கள். நமக்குத் தண்ணீர் தூக்குகிற சாமி என்றார்கள். மயிலம்மாள் ஸ்ரீரங்கம் போய்க் கதம்ப மாலை வாங்கி வந்தாள். அடைக்கலம் தொட்டியத்திலிருந்து, தார் போட்ட வாழைமரம் இரண்டு வெட்டி வந்தார். கன்று இல்லை, முழு மரம். இலை பந்தல் மாதிரி விரிந்திருந்தது.

"எங்கண்ணே கட்டலாம்?" என்று கேட்டார்.

"மேல ரெண்டு கம்பம் இருக்குல்ல, வாசல் மாதிரி" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு இன்ஜினுக்குப் பொட்டு வைக்கக் கீழே போய்விட்டார்.

அடைக்கலம் தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை. தார் கனத்தில் மரம் சாயக்கூடாது என்று பச்சை வாழைநாரை முறுக்கி மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டினார். இழுத்துப் பார்த்துவிட்டு, "யானை வந்து இழுத்தாலும் அசையாது" என்று தட்டிக்காட்டினார். பெண்கள் மாவிலையை மடித்து மடித்து நிறுத்துக் கயிற்றிலேயே செருகினார்கள். குறுக்கே கயிறு தயாராக இருக்கும்போது தோரணத்துக்கு வேறு கயிறு எதற்கு? அடைக்கலம் தன் அரிவாளைக் கழுவி, குங்குமம் வைத்து, மரத்தடியில் சாய்த்துவைத்தார். அன்று முழுக்க இன்ஜின் ஓடவில்லை, ஆயுதத்துக்கு அன்றைக்கு ஓய்வு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பார்த்தவர் எல்லோரும் அழகாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

மறுநாள் காலை விஜயதசமி. ஓய்வெடுத்த ஆயுதத்தை அன்று கொஞ்சமாவது ஓட்டித் தொடங்க வேண்டும். வியாகுலம்மாளும் மகனும் கைலாசபுரத்திலிருந்து வந்திருந்தார்கள். சம்பந்தி வீட்டு மெஷினைப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. கீழ்த்தெரு நிறையக் கூட்டம், ஒலிபெருக்கியில் பாட்டு.

என் வீட்டுக்காரர் வழக்கம்போலச் சாக்குத் துண்டை எடுத்தார், மேலே போய் முட்டிப் பார்க்க. அடைக்கலம் தடுத்தார்.

"அண்ணே, என்னண்ணே நீங்க? பூசை போட்ட தோரணத்தை மொத மொத ஆம்பளை போயி முட்டி அறுக்குறதா? கன்னிப்பொண்ணு நிறைகுடத்தோட போவட்டும். அதான் மங்களம்."

"நம்ம பேட்ரிசியா இருக்கே!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. வியாகுலம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "எம் மருமவதான் மொதல்ல. நான் எடுத்த பட்டைக் கட்டிக்கிட்டு வரட்டும்" என்றார்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் பக்கத்தில் போனேன்.

"ஏங்க, கயித்தை முட்டிப் பாத்துட்டு அவளை ஏத்துங்க" என்றேன்.

"முந்தாநேத்துக்கூடப் பாத்தேன் பாக்கியம். நல்லாத்தான் இருக்கு."

"முந்தாநேத்து வாழைமரம் கட்டலையே."

"யக்கா, நல்ல நாளும் அதுவுமா வாயை வைக்காதீங்க" என்று மயிலம்மாள் என் கையில் ஆலாத்தித் தட்டைத் திணித்தாள். "நீங்க மேல போயி நில்லுங்க. தங்கச்சி வந்ததும் சுத்துங்க." சம்பந்தியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாண காரியம். நான் தட்டோடு மேலே ஏறினேன். ஏறும்போது, "முந்தானையைச் செருகுடி" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன்.

அவள் செருகியிருந்தாள். மேலிருந்து நான் பார்த்தேன். வியாகுலம்மாள்தான் பக்கத்தில் போய், "இது என்ன, கரையே தெரியலையே" என்று செருகலை உருவி, முந்தானையை முதுகைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து, வலது முழங்கை மேல் மடித்துப் போட்டார். வருங்கால மாமியார் போட்டதை எப்படி எடுப்பாள் அவள்? இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டாள். சாக்கோடு வடத்தைப் பிடித்தாள். என் வீட்டுக்காரர் இன்ஜினைச் சுற்றிவிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள்.

நான் கையை ஆட்டி, "துணி, துணி" என்று கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் யார் காதில் விழும்? கீழேயிருந்து பார்த்தால் நான் கையசைத்து வரவேற்கிற மாதிரி இருந்திருக்கும். அவளும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

பாதி வழியில் அவள் முகம் மாறியது. சரிகையை நார் கவ்விவிட்டது. வடம் முறுக்க முறுக்க முந்தானை அதில் சுற்றிக்கொண்டே போனது, அவள் கையும் சாக்கும் சேர்ந்து அந்தச் சுற்றுக்குள் போயின. குடம் நழுவி விழுந்து டங்டங்கென்று கீழே உருண்டது. கீழே எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். கல்யாணப் பெண் பதற்றத்தில் குடத்தைப் போட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தட்டை எறிந்துவிட்டு ஓடினேன். வடம் நடக்கிற வேகத்தில்தான் போனது, அவள் பக்கத்திலேயே என்னால் நடக்க முடிந்தது. கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. மணிக்கட்டு துணிக்குள் இருந்தது. துணி தளர்ந்தால்தான் கை வரும். கொசுவத்தை உருவப் போனேன். அவள் இடது கையால் என் கையைத் தட்டிவிட்டு, புடவையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடி! புடவையை விடுடி!"

"வேணாம்க்கா... எல்லாரும் பாக்குறாங்க. அவங்க நிக்கிறாங்க, அக்கா, வேணாம்."

"சனியனே, உசுரு போயிடும்டி!"

"கயிறு இருக்குல்லக்கா... அது நிறுத்திடும்."

அவள் அதைச் சொன்னதும் எனக்கும் நம்பிக்கை வந்தது, அதை மறைப்பானேன். ஆமாம், கயிறு இருக்கிறது. இதற்குத்தானே கட்டினார் மனுஷன். தோரணம் வந்துவிட்டது. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், இரண்டு பேரும் சேர்ந்தே அதில் முட்டினோம். மாவிலைகள் பொலபொலவென்று உதிர்ந்து எங்கள் தலைமேல் விழுந்தன. கயிறு அசையவில்லை. இன்ஜின் சத்தம் மாறவேயில்லை. குனிய வைத்து அவளை அடியில் இழுத்துக்கொண்டு போனது வடம்.

கம்பத்தைப் பார்த்தேன். வளையத்திலிருந்து இறங்குகிற கயிறு வாழைமரத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே நசுங்கி, மூன்று கட்டுக்கும் உள்ளே கிடந்தது. கீழே கையைக் காட்டலாம் என்றால் வாழை இலை மறைத்தது. அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை, எங்களையும் அவருக்குத் தெரிந்திருக்காது. அவளை விட்டுவிட்டு மரத்தடிக்குப் பாய்ந்து குங்குமம் வைத்த அரிவாளை எடுத்தேன். ஒரு கட்டை வெட்டினேன். இரண்டாவதை வெட்டினேன். பச்சை நார் வழுக்கியது. மூன்றாவது கட்டு இரண்டு வெட்டு வாங்கியது. வாழைமரம் தாரோடு என் தோளில் சாய்ந்தது. கயிற்றைப் பிடித்து என் பலம் அத்தனையும் போட்டு இழுத்தேன். கீழே இன்ஜின் விக்கி நின்றது.

இன்ஜின் நின்றாலும் வடம் கொஞ்சம் ஓடித்தான் நிற்கும் என்று சொன்னேனே. அந்தக் கொஞ்சத்தில்தான் ரிம் அவள் கையை வாங்கிக்கொண்டது.

அவள் போட்ட சத்தம் பாட்டையும் மீறிக் கீழே கேட்டிருக்கிறது. அதன்பிறகுதான் எல்லோரும் ஓடிவந்தார்கள். அரிவாளால் பட்டுப்புடவையைக் கிழித்துத்தான் அவளை எடுத்தோம். முதலில் வந்தவள் மயிலம்மாள். கொடியில் கிடந்த போர்வையை இழுத்து அவளைக் கழுத்துவரை மூடினாள். வேடிக்கை பார்க்க ஏறிவந்த ஆம்பிளைகளைப் பார்த்து, "திரும்புங்கடா அந்தாண்ட!" என்று அலறினாள். அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

பெரியாஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வேறு வழி இல்லை என்று டாக்டர் சொன்னார். வலது கை. பிள்ளைகளுக்கு அவள் போர்டில் எழுதிப்போடுகிற கை.

வராந்தாவில் அடைக்கலம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "நல்லதுக்குத்தானேக்கா கட்டுனேன்" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "கயிறு வேலை செஞ்சிருக்கும் பாக்கியம். மரத்தை அதுல கட்டாம இருந்திருந்தா கயிறு வேலை செஞ்சிருக்கும்" என்றார்.

"இன்னும் கயித்தைப் பத்தியே பேசுங்க" என்றேன். "ஒருநாள் முட்டிப் பாக்காததுக்கு அவ கை போச்சு. வாயை மூடிக்கிட்டு நில்லுங்க." அவர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். பாவமாக இருந்தது. இருந்தாலும் அன்று எனக்கு அவரைத் தொட மனசு வரவில்லை.

மறுநாள் தைரியராஜ் வந்தான். சாத்துக்குடிப் பையை என் கையில் கொடுத்துவிட்டு, வாசல் தூணோடு ஒதுங்கி நின்றான். அவன் அம்மா வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலையை வாசிக்கலாமா என்று கோயில் சாமியார் ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார். கொஞ்சம் பொறுக்கட்டும் என்று கைலாசபுரத்திலிருந்து பதில் வந்ததாம். முழுசாக ஒருத்தன் கையில் என்று மாதாவிடம் நான் கேட்டது நினைவுக்கு வந்தது. முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு அழுதேன்.

அன்று சாயங்காலம்தான் அவளுக்கு மயக்கம் முழுசாகத் தெளிந்தது. கட்டுப்போட்ட கையைப் பார்ப்பாள், அலறுவாள் என்று நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் கையைப் பார்க்கவே இல்லை. இடது கையால் போர்வையை மேலே மேலே இழுத்துக் கழுத்தை மூடினாள். உதடு உலர்ந்திருந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"அக்கா, புடவை அவுந்துடுச்சா?"

"இல்லடி கண்ணு. இல்ல."

"சிரிச்சாங்களேக்கா. எனக்குக் கேட்டுச்சு."

எனக்குத் தெரிந்து நான் வாழ்க்கையில் பார்த்ததைப் பார்க்காத மாதிரிச் சொன்னவள் இல்லை. அதனால் வந்த பெயர்தான் கரிநாக்கு.

"யாருமே சிரிக்கலைடி" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டாள்.